மழை கேட்காத ஊர்

மார்ச் மாதக் கடைசியில் இமாச்சலத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் பனிமேல் மண் தூவுவார்கள். வயல் எது, வரப்பு எது என்று அப்போது தெரியாது. முழங்கால் உயரத்துக்குப் பனி இறுகிக் கிடக்கும். பெண்கள் முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு அதன்மேல் ஏறி நடந்து, பொடிமண்ணையும் அடுப்புச் சாம்பலையும் கைநிறைய அள்ளி, விதை விதைக்கிற அதே வீச்சில் இறைத்துக்கொண்டு போவார்கள். வெள்ளைப் பனி வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். மண் விழுந்த பனி வெயிலை வாங்கிக்கொண்டு உருகும். சில நாள் முன்னதாக நிலம் கண்ணில் பட்டாலும் அது பெரிய காரியம். ஆண்டுக்கு ஒரே போகம். ஏப்ரல் கடைசியிலோ மேயிலோ விதைத்து, செப்டம்பருக்குள் அறுத்து, அடுத்த பனி விழுமுன் களத்தை ஒழித்தாக வேண்டும். தூவுகிற மண்ணையும் முந்தைய இலையுதிர் காலத்திலேயே வெட்டி வீட்டுக் கீழ்த்தளத்தில் கொட்டி வைத்திருப்பார்கள். மார்ச்சில் மண்வெட்டி இறங்காது. பூமி அவ்வளவு உறைந்திருக்கும்.

நான் தங்கியிருந்த வீட்டுப் பெரியவர் வயலோரக் கல்லில் உட்கார்ந்து, ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே தாத்தாவை மேமே என்பார்கள். வயதில் மூத்தவர் யாராயிருந்தாலும் ஊருக்கே மேமேதான். ஒரு மழை பெய்தால் இந்தப் பனியெல்லாம் கரைந்துவிடுமே என்று இந்தியில் கேட்டேன். மாலை உருளுவது நின்றது. “பனி வரட்டும். எவ்வளவு வேண்டுமானாலும் வரட்டும். மழை மட்டும் வேண்டாம்” என்றார்.

நான் ராமநாதபுரம் பக்கத்தில் வானம் பார்த்த பூமியில் வளர்ந்தவன். மழையைக் கூப்பிடுவதற்கென்றே எங்களுக்குப் பாட்டு உண்டு, பொங்கல் உண்டு, கழுதைக் கல்யாணம்கூட உண்டு. மழை வேண்டாம் என்று ஒரு விவசாயி சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. ஸ்பிதியைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்த வார்த்தையில்தான் நினைவு போய் முட்டுகிறது. அங்கிருந்து வேறெங்கோ போய், சுற்றி, திரும்ப அங்கேயே வருகிறது.

சிம்லாவிலிருந்து சட்லெஜ் ஆற்றை ஒட்டி மேலேறும் பாதை ஞாபகத்துக்கு வருகிறது. ராம்பூர் தாண்டி கின்னௌருக்குள் நுழைந்தால் தேவதாரு மரங்கள், ஆப்பிள் தோட்டங்கள், பலகைக்கல் வேய்ந்த சாய்வுக் கூரைகள். மேகம் மலைமேல் ஏறி நிற்கும். பூ என்ற ஊரைக் கடந்ததும் மரங்கள் ஒவ்வொன்றாகப் பின்தங்கிவிடுகின்றன. காப் என்னும் இடத்தில் ஸ்பிதி ஆறு வந்து சட்லெஜில் விழுகிறது. பாறைக்கு நடுவே இரண்டு ஆறுகளும் கலக்கும் அந்த இடுக்கைத் தாண்டி மேலே போனால் பச்சை என்பது மனிதர் நட்டு வளர்த்த இடங்களில் மட்டும். தெற்கிலிருந்து வரும் பருவமழை மேகம் முன்வரிசை மலைகளிலேயே தன் தண்ணீரையெல்லாம் இறக்கிவிடுகிறது. பின்னால் இருக்கும் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்வது காற்று மட்டும்தான். பேருந்து ஜன்னல் வழியாக அன்று நான் பார்த்துக்கொண்டே வந்தது கூரைகளைத்தான். சாய்வு குறைந்துகொண்டே வந்து, ஓரிடத்தில் எல்லா வீடுகளும் தட்டைக் கூரை போட்டுக்கொண்டு நின்றன. மழை எங்கே முடிகிறது என்று அங்கே யாரும் பலகை நட்டு வைக்கவில்லை. வேண்டியதும் இல்லை.

லாஹௌல்–ஸ்பிதி மாவட்டத்தின் பரப்பு 13,841 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் அதில் இருந்தவர்கள் 31,564 பேர். ஸ்பிதியின் தலைமை ஊரான காஜா சுமார் 3,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மணாலியிலிருந்து வருகிற இன்னொரு பாதை 4,500 மீட்டருக்கும் மேலே உள்ள குன்ஜும் கணவாயைத் தாண்டுகிறது. அது ஏறக்குறைய பாதி ஆண்டு பனியில் மூடிக் கிடக்கும். அந்த மாதங்களில் வெளியுலகத்துக்குக் கின்னௌர் பாதை ஒன்றே வாசல். பனிச்சரிவு விழுந்தால் அதுவும் சாத்திக்கொள்ளும்.

தாபோ மடாலயத்தை முதலில் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்து போகிறார்கள். சுற்றிலும் ஒரு மண் மதில். உள்ளே மண்ணால் கட்டிய ஒன்பது கோயில்கள், மண் ஸ்தூபிகள். கோபுரம் கிடையாது, தங்கத் தகடு கிடையாது, மலைக்கும் கட்டடத்துக்கும் நிறம்கூட ஒன்றே. குனிந்து உள்ளே போய்க் கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருக்க வேண்டும். அதன்பிறகு நடப்பதை நான் யாரிடமும் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. சுவரின் நடுவுயரத்தில், தரையைத் தொடாமல், ஆளுயரத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட தெய்வங்கள் தாமரைமேல் அமர்ந்து சுற்றிலும் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. எல்லாமே மண். நடுவில் நான்கு திசையும் பார்க்கிற வைரோசன புத்தர். அந்தக் கூடமே ஒரு மண்டலம். காகிதத்திலோ துணியிலோ வரைந்த மண்டலத்தை நாம் வெளியே நின்று பார்ப்போம். தாபோவில் அதற்குள் நிற்கிறோம்.

கட்டியது 996இல். மேற்குத் திபெத்தின் குகே–புராங் அரசர் யேஷே-ஓ, முடியைத் துறந்து துறவியானவர், நிறுவியது. நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1042இல், அவர் வம்சத்தில் வந்த ஜங்சுப்-ஓ அதைப் புதுப்பித்ததாக உள்ளே கல்வெட்டு அல்ல, சுவரெழுத்து சொல்கிறது. மையால் எழுதியது, இன்றும் படிக்க முடிகிறது. யேஷே-ஓ பௌத்தம் கற்றுவர இருபத்தொரு இளைஞர்களைக் காஷ்மீருக்கு அனுப்பினார் என்றும், வெக்கையும் நோயும் தாங்காமல் மற்றவர்கள் மடிய இரண்டு பேர்தான் திரும்பினார்கள் என்றும் சொல்வார்கள். திரும்பியவர்களில் ஒருவர் ரின்சென் சாங்போ, மாபெரும் மொழிபெயர்ப்பாளர். அவர் பெயரைச் சொல்லாத பழைய கோயில் அந்த மலைகளில் அரிது.

அந்த ஆண்டைக் கேட்டதும் ஒரு தமிழனுக்கு வேறொன்று நினைவு வராமல் இருக்காது. 996 என்றால் தஞ்சையில் ராஜராஜன் பட்டத்துக்கு வந்து பதினொரு ஆண்டு. பெரிய கோயில் முடிந்தது 1010இல். இங்கே கருங்கல்லை விமானத்தின் உச்சிக்கு ஏற்றிக்கொண்டிருந்த அதே தலைமுறையில், அங்கே ஒருவர் மண்ணைப் பிசைந்து தெய்வம் செய்துகொண்டிருந்தார். கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில் சோழர் ஓவியம், தாபோவின் இருட்டில் காஷ்மீரக் கைவண்ணம். இரண்டும் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிவிட்டன. கல் தாண்டியதில் வியப்பில்லை. மண்?

ராஜராஜன் காலத்திலேயே நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்தது. ஸ்ரீவிஜய அரசர் கட்டிய பௌத்தப் பள்ளி. அதற்கு ஆனைமங்கலத்தை ராஜராஜன் கொடுத்த செய்தி செப்பேட்டில் இருக்கிறது. அந்த விகாரத்தின் மிச்சமாக நின்ற செங்கல் கோபுரத்தை 1867இல் இடித்தார்கள். அங்கே தோண்டக் கிடைத்த புத்தர் செப்புத் திருமேனிகளை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்த்திருக்கிறேன். தாபோவில் நிற்கும்போது மனம் நாகைக்குத்தான் போனது. சுட்ட செங்கல் போய்விட்டது. சுடாத மண் நிற்கிறது. மனிதர் கை வைக்காததும், வானம் கை வைக்காததும் சேர்ந்துதான் அதை நிறுத்தியிருக்கின்றன.

சிற்பங்களுக்குக் கீழே, கண்மட்டத்தில், ஒரு பயணம் வரையப்பட்டிருக்கிறது. ஞானம் தேடி ஆசிரியர் ஆசிரியராகப் போகிற சுதனனின் கதை. கண்டவியூகம் என்ற நூலில் வருவது. அந்தக் கதையில் சுதனன் தெற்கு நோக்கி நடக்கிறான். அவன் சந்திக்கும் ஆசிரியர்களில் ஒருவர் திராவிட நாட்டில், வஜ்ரபுரம் என்னும் ஊரில் இலக்கணம் கற்பிக்கும் மேகன். பனிமலைக்கு நடுவே ஒரு மண்சுவரில் தீட்டிய கதைக்குள் தென்னாட்டு வாத்தியார் ஒருவர் இருக்கிறார் என்பது எனக்கு அளவில்லாத சந்தோஷத்தைக் கொடுத்தது, இன்றும் கொடுக்கிறது. அந்தப் படங்களின் குறுக்கே, மேலிருந்து கீழாகச் சேற்று நிறத்தில் கோடுகள் இறங்கியிருந்தன. கைவிளக்குப் பிடித்து வந்த இளம் பிக்குவிடம் அவை என்ன என்று கேட்டேன். “மேலேயிருந்து தண்ணீர்” என்றார். எந்தக் காலத்திலோ கூரையில் நீர் இறங்கி, கூரை மண்ணைக் கரைத்து, சுதனன் மேல் வழியவிட்டிருக்கிறது.

அன்றிரவு மேமேயிடம் கூரை எப்படிப் போடுவார்கள் என்று கேட்டேன். அவர் கை ஓய்ந்த நேரத்தில் பேசப் பிடித்த பொருள் அது. முதலில் பாப்லர் மரத்தின் உத்திரங்கள். அதன் குறுக்கே வில்லோக் குச்சிகளை நெருக்கி அடுக்குவார்கள். அதன்மேல் காட்டுப் புதர்ச் செடிகளையும் வைக்கோலையும் பரப்பி, மண்ணைக் கொட்டி மிதிப்பார்கள். மேல்பூச்சுக்கு எந்த மண்ணும் ஆகாது. வெயிலில் வெடிக்காத களிமண் குறிப்பிட்ட ஒரு சரிவில்தான் கிடைக்கும். அதை இளையவர்களுக்குக் காட்டிக் கொடுக்க வேண்டும். சுவர் பச்சைக்கல்லில் எழும்பும், அரைமீட்டருக்கும் மேலே கனம். வெளியே வெள்ளை பூசி, ஜன்னலைச் சுற்றிக் கறுப்புப் பட்டை தீட்டியிருப்பார்கள். கீழ்த்தளம் தொழு. மாடும் ஆடும் கழுதையும் கீழே மூச்சு விட, அந்தச் சூடு மேலே ஏறும். கூரையின் விளிம்பெங்கும் விறகும் காய்ந்த தீவனமும் அடுக்கியிருக்கும். பனிக்காலத்துக் கையிருப்பு அதுதான். ஒரு வீட்டின் நிலைமையைத் தெருவிலிருந்தே அந்த அடுக்கின் உயரத்தில் சொல்லிவிடலாம்.

பனி விழுந்தால் விடியுமுன் கூரையேறி மரச் சட்டுவத்தால் தள்ளிவிட வேண்டும். பனி தூள். தட்டினால் போய்விடும். வெயில் ஏறி உருகத் தொடங்கினால்தான் ஆபத்து. பனியைத் தள்ளலாம், மழையைத் தள்ள முடியாது என்றார் மேமே. மண் அதைக் குடித்துவிடும். இரண்டு நாள் நின்று பெய்தால் கூரை கனத்து, உத்திரம் வளையும். உள்ளே மண் ஒழுகும். வயலோரத்தில் அவர் சொன்ன சொல்லுக்கு அப்போதுதான் எனக்கு முழு அர்த்தம் கிடைத்தது.

அங்கே பனிக்காலம் என்றால் வெப்பம் உறைநிலைக்கு இருபத்தைந்து டிகிரி கீழேயும் போகும். வீட்டில் எத்தனை அறை இருந்தாலும் எல்லோரும் ஒரே அறைக்குள் வந்துவிடுவார்கள். நடுவில் இரும்பு அடுப்பு; தந்தூர் என்பார்கள். காய்ந்த சாணமும் குச்சியும் எரியும். அதன்மேல் எந்நேரமும் ஒரு கெட்டில். வறுத்த பார்லி மாவைத் தேநீரில் பிசைந்து உருட்டித் தின்பது சம்பா. உப்பும் வெண்ணெயும் போட்டுக் கடைந்த தேநீர் முதலில் என் நாக்குக்கு ஒட்டவில்லை. குளிர் எலும்பில் இறங்கிய பிறகு அதைப்போல் ஒன்று உலகத்தில் இல்லை என்று தோன்றியது. நூல் நூற்பார்கள், கதை சொல்வார்கள், அரிசியில் அல்லாமல் பார்லியில் இறக்கிய சாராயம் சின்னக் கிண்ணங்களில் சுற்றிவரும். பின் என்ற பள்ளத்தாக்கிலிருந்து புச்சன் எனப்படும் கலைஞர்கள் ஊர் ஊராக வருவதும் வேலை ஓய்ந்த அந்த மாதங்களில்தான். குடும்பம் குழந்தை உள்ளவர்கள்தான். ஆனால் தாங்தோங் கியால்போ என்ற சித்தரின் வழி வந்தவர்கள். அறக்கதைகளை ஆடிப் பாடி நடத்திவிட்டு, முடிவில் ஒருவர் மல்லாந்து படுத்து வயிற்றின்மேல் பெரிய கல்லை வைத்துக்கொள்வார். இன்னொருவர் உருண்டைக் கல்லால் ஓங்கி அதை உடைப்பார். கல்லோடு சேர்ந்து ஊரைப் பிடித்த கெடுதலும் உடைந்து போகிறது என்பது நம்பிக்கை. மேமே சிறுவனாக இருந்தபோது பார்த்ததை நேற்றுப் பார்த்ததுபோலச் சொன்னார்.

மேமேயும் அவர் மனைவியும் பெரிய வீட்டில் இல்லை. அதன் பக்கத்திலேயே சின்ன வீடு ஒன்றில் இருந்தார்கள். அது அங்கே வழக்கம். மூத்த மகனுக்குக் கல்யாணம் ஆகிப் பொறுப்பு வந்ததும் நிலமும் வீடும் அவன் கைக்குப் போகும். பெற்றோர் கொஞ்சம் நிலத்தோடு சின்ன வீட்டுக்குப் போய்விடுவார்கள். இளைய மகன்கள் மடாலயத்துக்கு. நிலம் துண்டுபடக் கூடாது என்பதே அதன் அடிப்படை. நான்கு பேருக்குப் பங்கு வைத்தால் நான்கு பேரும் பட்டினி என்று அந்த மண் கற்றுக்கொடுத்திருக்கிறது. இதில் இளையவர்களுக்கு நேர்ந்த இழப்பை நான் லேசாக எண்ணவில்லை. ஏழெட்டு வயதில் மொட்டையடித்து அனுப்பப்பட்ட பிள்ளைகள் எல்லோரும் விரும்பியா போயிருப்பார்கள்? இப்போது பள்ளிக்கூடமும், காஜாவில் வேலையும், சுற்றுலா வண்டியும் வந்து அந்தக் கட்டு தளர்ந்திருப்பது நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் நிலம் எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் பார்த்து வாழ்ந்த அந்தப் பழக்கத்தின்மேல் எனக்கு மரியாதை உண்டு.

தண்ணீரிலும் அதே கணக்கு. மலையுச்சியில் உருகும் நீரை, ஓரடி அகல வாய்க்காலில், பாறையை ஒட்டிக் கிலோமீட்டர் கணக்கில் நடத்திக் கொண்டுவருவார்கள்; அதற்குப் பெயர் கூல். இரவெல்லாம் ஊருக்கு மேலே ஒரு குளத்தில் தேக்கி, காலையில் மடை திறப்பார்கள். யாருக்கு எந்த நாள், எவ்வளவு நேரம் என்பது பெரிய வீடுகளின் பழைய உரிமைப்படி. உரிமை இல்லாதவர்கள் மற்றவரிடம் கேட்டு வாங்க வேண்டும். எங்கள் கண்மாய்ப் பாசனத்து முறைத்தண்ணீரைப் பார்த்து வளர்ந்த எனக்கு அங்கே எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மடையில் நின்று சண்டை போடுகிறவர்களின் குரலைக் கேட்டதுமே விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் கண்மாய் மழைக்குக் காத்திருக்கும். அவர்கள் குளம் மழைக்குக் காத்திருப்பதில்லை. சென்ற குளிரில் மேலே எவ்வளவு பனி சேர்ந்தது என்பதே அதற்குக் கேள்வி. முன்பு பார்லியும் கறுப்புப் பட்டாணியும். இப்போது பச்சைப் பட்டாணி. சமவெளியில் பட்டாணி விளையாத கோடையில் லாரி ஏறி டெல்லிக்குப் போகிறது. வீடுகளுக்குக் கண்ணாடி ஜன்னலும் பிள்ளைகளுக்குச் சண்டிகர் படிப்பும் அதில்தான் வந்தன. அது பார்லியைவிடக் கூடுதல் தண்ணீர் கேட்கிற பயிர் என்பதையும் அவர்கள் அறிவார்கள்.

மண்ணைப் பற்றிப் பேசும்போது லாங்சாவை விட முடியாது. காஜாவுக்கு மேலே, சுமார் 4,400 மீட்டரில் இருக்கும் அந்த ஊரைச் சுற்றியுள்ள சரிவுகளில் கறுப்பு மண்பாறை உதிர்ந்து கிடக்கும். உருண்டைக் கல்லொன்றை எடுத்து ஊர்ப் பிள்ளை தட்டினான். பிளந்தது. உள்ளே வரிவரியாகச் சுருண்ட அம்மோனைட் ஓடு. பதினைந்து கோடி ஆண்டு பழைய கடலடிச் சேறு அந்த மலை. இந்திய நிலம் வடக்கே நகர்ந்து ஆசியாவில் மோதுவதற்கு முன், நடுவே கிடந்த டெத்திஸ் கடலின் தரை. இதே பாறைத் தொடர் நேபாளத்திலும் போகிறது. காளி கண்டகியில் கிடைக்கும் சாளக்கிராமம் இதே உயிர்தான். இதை முறையாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. மொராவியாவில் பிறந்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர். 1860களில் ஸ்பிதியின் பாறை அடுக்குகளை நடந்து நடந்து பதிவு செய்தார். நம் அரியலூர், திருச்சிப் பகுதியின் கடற்படிவ உயிர்களைப் பற்றிப் பெருந்தொகுதிகள் எழுதியவரும் அவரே. அரியலூர் ஓடைகளில் கிடைக்கும் சுருள் ஓட்டையும் லாங்சாவின் சுருள் ஓட்டையும் ஒரே மனிதரின் மேசை பார்த்திருக்கிறது. யார்க்கண்ட் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் 1874இல், முப்பத்தாறு வயதில், லடாக்கின் உயரத்தில் இறந்தார். லேயில் அவர் கல்லறை இருக்கிறது. அவரைப் பற்றித் தமிழில் யாராவது விரிவாக எழுத வேண்டும் என்று வெகுநாள் ஆசை.

மனிதர்களும் கடைசியில் அந்த மண்ணுக்குள் ஒரு விதமாகத்தான் போகிறார்கள். இறந்தவரின் சாம்பலைக் களிமண்ணில் கலந்து, அச்சில் அழுத்தி, உள்ளங்கையில் அடங்குகிற சின்ன ஸ்தூபி வடிவங்களாகச் செய்வது ஒரு வழக்கம். சாசா என்று பெயர். அவற்றைச் சோர்ட்டன் எனப்படும் ஸ்தூபிகளின் மாடத்திலோ குகையிலோ கொண்டுபோய் வைப்பார்கள். சுடுவதில்லை, வெயிலில் காய வைப்பதோடு சரி. ஊருக்கு வெளியே ஒரு பழைய சோர்ட்டன் இடிந்த பக்கத்தில் நூற்றுக்கணக்கில் அவை அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். அச்சின் வரிகள் கூர்மையாகவே இருந்தன. எங்கள் ஊரில் ஒரு ஐப்பசி போதும், அத்தனையும் சேறாகிவிடும்.

பல தலைமுறைகளுக்கு மண்ணை அப்படி நம்ப முடிந்தது. நிலநடுக்கத்தைக்கூட அது தாங்கியிருக்கிறது: 1975 ஜனவரி 19இல் கின்னௌரை மையமாக வைத்து அதிர்ந்தபோது தாபோவின் சுவர்கள் விரிசல் கண்டன, ஆனாலும் கோயில் நின்றது. 2010 ஆகஸ்ட் 5 இரவில் லே நகரில் நடந்தது வேறு. மழை பெய்யாத ஊரில் மேகம் உடைந்து, மலைச்சரிவே சேறாகி இறங்கி, இருநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. 2023 ஜூலையில் இமாச்சலம் முழுக்கப் பெருமழை. சந்திரதால் ஏரிக்கரையில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கி, நாட்கள் கழித்துத்தான் மீட்கப்பட்டதை எல்லாச் செய்தித்தாள்களும் எழுதின. அதே நாட்களில் மேமேயின் வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது எந்தச் செய்தியிலும் வரவில்லை. தொடர்பு கிடைத்ததும் பேரன் பேசினான். பாத்திரம் பண்டமெல்லாம் ஒழுகும் இடத்தில் வைத்தாகிவிட்டது, போதவில்லை என்றான். தாத்தா என்ன செய்கிறார் என்று கேட்டேன். “அதே பேச்சுதான். பனி வரட்டும் என்கிறார்.”

பனியும் முன்மாதிரி வருவதில்லை. குளிர்காலத்தின் நடுவில் விழவேண்டியது கடைசியில் விழுகிறது என்று அந்த ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். கேட்ட பனி குறைந்து, கேட்காத மழை வருகிறது. இந்தப் பள்ளத்தாக்கில் ஓடுகிற வண்டிகளும் எரிகிற அடுப்புகளும் எத்தனை? காற்றைக் கெடுத்தவர்கள் வேறெங்கோ இருக்கிறோம். அந்தக் கணக்கில் நானும் உண்டு என்பது ஒவ்வொரு தடவை அங்கே போகும்போதும் உறுத்துகிறது.

இப்போது ஸ்பிதியில் தகரக் கூரைகள் பெருகிவருகின்றன. பச்சையும் நீலமுமாகத் தூரத்திலிருந்தே தெரிகின்றன. சிமெண்ட் வீடுகளும் வருகின்றன. படமெடுக்க வருகிறவர்கள் அழகு போயிற்று என்று வருத்தப்படுகிறார்கள். ஒழுகும் வீட்டில் படுத்தவன் தகரம் வாங்கினால் அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் சிமெண்ட் சுவர் அந்தக் குளிரில் உறைந்துவிடும். அதைச் சூடாக்க விறகு மாளாது. பழைய மண்சுவர்மேல் சிமெண்ட் பூசுவது இன்னும் கெடுதி. மண் மூச்சு விடும். உள்ளே வந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிட, ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரை உதிர்க்கும். தாபோவில் இந்தக் கேள்வி இன்னும் கடினமானது. அங்கே ஓவியமும் சிற்பமும் சுவரும் கூரையும் எல்லாம் ஒரே மண். ஒன்றைத் தொட்டால் மற்றவற்றையும் தொட்டாக வேண்டும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது அந்தக் கோயில். மண் வேலை தெரிந்த கைகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. ஒவ்வொரு பள்ளிப்பிள்ளைக்கும் அச்சிட்ட புத்தகத்தில் ராஜராஜனைக் காட்டுகிற நாடு, அதே வயதுள்ள இந்த மண்கூடத்தையும் தன் கண்மணியாக நினைக்க வேண்டும். மனதார விரும்புகிறேன்.

பேரன்தான் மூத்தவன், வாரிசு. பெரிய வீடு இப்போது அவன் கையில். கூரைக்கு என்ன செய்யப் போகிறாய் என்று போன மாதம் கேட்டேன். மண்கூரையைப் பிரிக்காமல், அதற்குமேல் கால் நட்டு, இடைவெளி விட்டுத் தகரம் போடப் போகிறானாம். தகரம் மழைக்கு, மண் குளிருக்கு. தீவனம் அடுக்க இடம் குறையும். அதைத் தாத்தாவின் சின்ன வீட்டுக் கூரைக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று பேசி முடித்திருக்கிறார்கள். தகரம் ஏறுவதற்கு முன் அடிக்கூரைக்குப் புது மண் மிதிக்க வேண்டும். வெடிக்காத களிமண் உள்ள அந்தச் சரிவை மேமே அவனுக்குக் காட்டியாகிவிட்டது. ஊரில் இளைஞர்கள் குறைவு, ஜூன் மாதம் ஆள் தேவைப்படும், வருகிறீர்களா என்று கேட்டான். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.